பனோரமா வீடியோவிலிருந்து ஊடாடும் மெய்நிகர் சூழல்களை உருவாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண 360 டிகிரி வீடியோவுக்கும் ஊடாடும் மெய்நிகர் சூழலுக்கும் என்ன வேறுபாடு?

பனோரமா வீடியோ எனப்படும் 360 டிகிரி வீடியோவில் கேமராவைச் சுற்றியுள்ள எல்லாத் திசைகளும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன. பார்வையாளர் தலையைத் திருப்பி விரும்பிய திசையைப் பார்க்கலாம் என்றாலும், அவர் எதைப் பார்த்தாலும் வீடியோ தன் போக்கில் ஓடி முடிந்துவிடும். ஊடாடும் சூழலில் பார்வையாளரின் செயலுக்குக் காட்சி பதில் சொல்கிறது. அவர் ஒரு கதவை நோக்கினால் அடுத்த அறைக்குச் செல்லலாம், ஓர் இயந்திரத்தின் நெம்புகோலைச் சுட்டினால் அது இயங்கத் தொடங்கலாம், எதையும் செய்யாமல் இருந்தால் காட்சி அவருக்காகக் காத்திருக்கலாம். எடுத்த வீடியோ இங்கு மூலப்பொருள் மட்டுமே. அதன்மேல் தர்க்கம், ஒலி, முப்பரிமாணப் பொருள்கள், காட்சிகளுக்கு இடையிலான இணைப்புகள் ஆகியவை அடுக்கப்படுகின்றன.

இந்தப் பக்கம் முழுவதும் வலியுறுத்தப்படும் ஒரு கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் செயலுக்கு எந்தப் பதில் வரவேண்டும் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கேமரா நின்ற இடம்தான் பார்வையாளர் நிற்கும் இடம். படம் எடுத்த பிறகு அதை மாற்ற வழியில்லை.

இது அண்மையில் தோன்றிய சிந்தனையா?

இல்லை. பார்வையாளரைச் சுற்றிலும் காட்சியால் சூழ்ந்துகொள்ளும் முறைக்கு ஓவியர் ராபர்ட் பார்க்கர் 1787ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஊடாட்டம் என்ற கூறு சேர்ந்தது 1978இல். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆஸ்பென் நகரத் தெருக்களில் காரின் மீது கேமராக்களைப் பொருத்தி, ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு படம் என எடுத்து, அவற்றை லேசர் வட்டில் ஏற்றினர். திரையைத் தொட்டு எந்தச் சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைப் பயனரே தீர்மானிக்க முடிந்தது. 1990களின் நடுவில் ஆப்பிள் நிறுவனத்தின் குவிக்டைம் வி.ஆர். என்ற மென்பொருள் பனோரமாப் படங்களை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. கூகுளின் தெருக்காட்சிச் சேவை 2007இல் தொடங்கியது. யூடியூப் 2015 மார்ச்சில் 360 டிகிரி வீடியோவை ஏற்கத் தொடங்கியது.

ஆஸ்பென் திட்டத்தை இன்று வடிவமைப்பவர்களும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. பயனருக்கு எங்கே தேர்வு கொடுப்பது, எங்கே கொடுக்காமல் இருப்பது என்ற கேள்வியை அது தெருச் சந்திப்புகளை வைத்தே தெளிவாகத் தீர்த்தது. வளைந்து செல்ல முடியாத இடத்தில் வளைவதற்கான பொத்தானை அது காட்டவில்லை.

பனோரமா வீடியோவுக்குள் பார்வையாளர் நடந்து செல்ல முடியுமா?

எடுத்த வீடியோவை அப்படியே பயன்படுத்தினால் முடியாது. ஒரே புள்ளியிலிருந்து பதிவான காட்சி என்பதால் தலையை இடம்-வலம், மேல்-கீழ், பக்கவாட்டுச் சாய்வு ஆகிய மூன்று வகைகளில் திருப்பலாம். இவற்றையே மூன்று இயக்கச் சுதந்திரங்கள் என்கிறார்கள். முன்னே சாய்ந்தாலோ ஓரடி எடுத்து வைத்தாலோ காட்சி அதற்கேற்ப மாறாமல் பார்வையாளருடனேயே நகர்ந்துவரும்.

இதனால் ஏற்படும் பிழை எவ்வளவு என்பது பொருள்களின் தூரத்தைப் பொறுத்தது. தலை பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்ந்தால், 1 மீட்டர் தொலைவில் உள்ள பொருள் நிஜ உலகில் ஏறத்தாழ 5.7 டிகிரி இடம்பெயர்ந்து தெரிய வேண்டும். 10 மீட்டர் தொலைவில் உள்ள பொருளோ 0.57 டிகிரிதான் இடம்பெயரும். பனோரமா வீடியோவில் இரண்டுமே இடம்பெயர்வதில்லை. தொலைவில் உள்ள மலையையோ மைதானத்தையோ பார்க்கும்போது இந்தக் குறை கண்ணில் படாது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மேசை இருந்தால், தலையை அசைத்த கணமே அது மேசை அல்ல, மேசையின் படம் என்று மூளை கண்டுகொள்ளும். ஆகவே நெருக்கமான பொருளைக் கையாள்வதுதான் உங்கள் அனுபவத்தின் மையம் என்றால், பனோரமா வீடியோவை மட்டும் நம்பி அதைத் திட்டமிட வேண்டாம்.

கோட்பாட்டளவிலும் இதை விளக்கலாம். ஓரிடத்தில் கிடைக்கும் எல்லாக் காட்சித் தகவலையும் விவரிக்க, பார்வையின் இடம் மூன்று, திசை இரண்டு, ஒளியின் அலைநீளம், நேரம் என ஏழு மாறிகள் வேண்டும் என்று ஆடெல்சன், பெர்கன் ஆகிய ஆய்வாளர்கள் 1991இல் எழுதினர். பனோரமா வீடியோ திசையையும் நேரத்தையும் நிறத்தையும் பதிவு செய்கிறது. இடத்துக்கான மூன்று மாறிகளையும் ஒரே மதிப்பில் நிறுத்திவிடுகிறது.

எவ்வளவு ரெசல்யூஷன் தேவை?

அகலத்தை 360ஆல் வகுத்து, ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல் என்று கணக்கிடுங்கள். 3840×1920 வீடியோவில் ஒரு டிகிரிக்கு 10.7 பிக்சல்களே கிடைக்கும், 5760×2880இல் 16, 7680×3840இல் 21.3. இன்றைய தனித்தியங்கும் ஹெட்செட்களில் (தலையில் அணியும் மெய்நிகர்க் காட்சிக் கருவிகளில்) பல, டிகிரிக்கு ஏறத்தாழ 20 முதல் 25 பிக்சல்கள் வரை காட்டவல்லவை. எனவே ‘4கே’ என்று விற்கப்படும் பனோரமா வீடியோ ஹெட்செட்டில் மங்கலாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்தப் பிக்சல்கள் முழுக் கோளத்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டு, எந்த நேரத்திலும் அவற்றில் ஒரு சிறு பகுதியே கண்ணுக்குக் கிடைக்கிறது. நல்ல கண்பார்வையின் எல்லையாகக் கருதப்படும் டிகிரிக்கு 60 பிக்சலை எட்ட 21,600 பிக்சல் அகலம் வேண்டும்.

என் பரிந்துரை, 5760க்குக் குறையாமல் எடுப்பது. எழுத்து, கருவி முள், முகபாவம் போன்றவற்றைப் பார்வையாளர் படித்தறிய வேண்டும் என்றால் 7680இல் எடுப்பது. அதற்கும் மேல் போக வேண்டியிருந்தால் முழு வீடியோவையும் பெரிதாக்காமல், தேவைப்படும் பொருளை மட்டும் தனியே நிழற்படமாக எடுத்து, ஹாட்ஸ்பாட்டை, அதாவது காட்சியில் பார்வையாளர் தேர்வு செய்யக்கூடிய குறியை, தொடும்போது அருகில் காட்டுவது நல்லது.

கேமராவை எங்கே, எந்த உயரத்தில் வைக்க வேண்டும்?

பார்வையாளரின் உடல் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. சாதாரணப் படப்பிடிப்பில் அழகான சட்டகத்தைத் தேடிக் கேமராவை மூலைக்கோ உத்தரத்துக்கோ கொண்டுபோவது வழக்கம். இங்கு அப்படிச் செய்தால் பார்வையாளர் தாம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பதாகவோ அந்தரத்தில் தொங்குவதாகவோ உணர்வார்.

நின்றபடி அனுபவிக்கும் காட்சிக்கு லென்ஸின் உயரம் 1.5 முதல் 1.65 மீட்டர் வரையும், நாற்காலியில் அமர்ந்திருப்பவராகக் காட்டும் காட்சிக்கு 1.1 முதல் 1.25 மீட்டர் வரையும் பொருந்துகின்றன. உயரம் சற்றே கூடினாலும் சுற்றியிருப்பவர்கள் குள்ளமாகத் தெரிவார்கள். குறைந்தால் எல்லோரும் பார்வையாளரை மேலிருந்து குனிந்து பார்ப்பது போலிருக்கும். பார்வையாளர் உண்மையில் நிற்பாரா, அமர்ந்திருப்பாரா என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து, அதற்கேற்ற உயரத்தில் எல்லாக் காட்சிகளையும் எடுங்கள். காட்சிக்குக் காட்சி உயரம் மாறினால், இடம் மாறும் ஒவ்வொரு முறையும் தம் உடல் வளர்ந்து சுருங்குவது போன்ற உணர்வு அவருக்கு ஏற்படும்.

முக்கியமான செயல் 1.5 முதல் 4 மீட்டருக்குள் நடக்கட்டும். அதைவிட நெருங்கினால், லென்ஸ்களின் படங்கள் சேரும் ஒட்டுக்கோட்டில் சிக்கல் எழும். அதைவிட விலகினால் பிக்சல்கள் போதாமல் முகம் அடையாளம் தெரியாமல் போகும். ஒருவர் பார்வையாளரிடம் பேச வேண்டியிருந்தால் லென்ஸையே நேராகப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். பேசுபவரின் பார்வை லென்ஸிலிருந்து சற்று விலகினாலும், அவர் வேறு யாரிடமோ பேசுவதாகத் தோன்றும்.

படம் எடுப்பவர்கள் கேமராவின் பார்வையிலிருந்து மறைய வேண்டும் என்பதையும், விளக்குகள் காட்சியின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தக் கேமராவுக்குப் பின்புறம் என்று ஒன்று இல்லை.

படங்கள் சேரும் இடத்தில் முகங்கள் கிழிந்து தெரிவது ஏன்?

பனோரமா கேமராவில் குறைந்தது இரண்டு லென்ஸ்கள் உள்ளன; ஒவ்வொன்றும் 180 டிகிரிக்குச் சற்று அதிகமாகப் படம் பிடிக்க, மென்பொருள் அவற்றின் பொதுப் பகுதியை வைத்து ஒட்டுகிறது. இதையே ஸ்டிச்சிங் என்கிறோம். இரு லென்ஸ்களும் ஒரே புள்ளியில் இல்லாததால், ஒரே பொருளை அவை சற்று வேறுபட்ட கோணத்தில் காண்கின்றன. லென்ஸ்களுக்கு இடையே 3 செ.மீ. இடைவெளி இருப்பதாகக் கொண்டால், அரை மீட்டரில் உள்ள பொருளுக்கு அந்தக் கோண வேறுபாடு ஏறத்தாழ 3.4 டிகிரி. 5760 பிக்சல் அகல வீடியோவில் இது 55 பிக்சல். எந்த மென்பொருளாலும் முழுமையாக மறைக்க முடியாத அளவு. அதே பொருள் 3 மீட்டரில் இருந்தால் வேறுபாடு 9 பிக்சலாகச் சுருங்கி, எளிதில் மறைக்கக்கூடியதாகிவிடுகிறது.

எனவே ஒட்டுக்கோடு எந்தத் திசையில் விழுகிறது என்று முதலில் பார்த்து, முக்கியமான மனிதர்களையும் பொருள்களையும் லென்ஸின் நேர் மையத்தில் வையுங்கள். யாரும் கோட்டைக் கடந்து நடக்க வேண்டியிருந்தால் தொலைவில் கடக்கட்டும்.

வீடியோ கோளத்தின் மீது எவ்வாறு விரிக்கப்படுகிறது?

பெரும்பாலான கோப்புகள் 2:1 விகிதச் செவ்வகமாக இருக்கும். உலக வரைபடத்தில் தீர்க்கக்கோடுகளும் அட்சக்கோடுகளும் நேர்க்கோடுகளாக விரிவது போல, இந்தச் செவ்வகத்தின் அகலம் 360 டிகிரியையும் உயரம் 180 டிகிரியையும் குறிக்கின்றன. இயக்க மென்பொருள் இதை ஒரு பெரிய கோளத்தின் உட்புறத்தில் ஒட்டி, பார்வையாளரை அதன் மையத்தில் வைக்கிறது. கோளத்தின் வெளிப்புறத்துக்கான அமைப்பையே உட்புறத்துக்கும் பயன்படுத்தினால் காட்சி இடவலமாகப் புரண்டுவிடும். காட்சியில் ஏதேனும் ஓர் எழுத்துப் பலகை நேராகத் தெரிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

இந்தச் செவ்வக முறையில் உச்சியும் அடியும் மிகையாக இழுக்கப்படுகின்றன. கணக்குப்படி 36 விழுக்காடு பிக்சல்கள் வீணாகின்றன. அதைத் தவிர்க்கக் கோளத்தை ஆறு சதுர முகங்களாகப் பிரிக்கும் கனசதுர முறை உண்டு. அதன் மேம்பட்ட வடிவமான சமகோணக் கனசதுரத்தைக் கூகுள் 2017இல் அறிமுகப்படுத்தியது. படத்தொகுப்புக்குச் செவ்வக முறையே வசதி என்பதால், இறுதி வெளியீட்டின்போது மட்டும் கனசதுரத்துக்கு மாற்றுவது போதும்.

ஹாட்ஸ்பாட்களை எவ்வாறு வைப்பது?

ஒவ்வொரு ஹாட்ஸ்பாட்டுக்கும் இரண்டு கோணங்கள் போதும்: கிடைமட்டத் திசை, உயரக் கோணம். செவ்வக வீடியோவில் ஒரு பொருளின் பிக்சல் இடம் தெரிந்தால் கோணத்தைக் கணக்கிட்டுவிடலாம். 7680 அகல வீடியோவில் இடமிருந்து 5760ஆவது பிக்சலில் உள்ள பொருள், மையத்திலிருந்து வலப்பக்கம் 90 டிகிரியில் இருக்கிறது. மேலிருந்து 1920ஆவது வரிசை அடிவானம். நகரும் பொருளாக இருந்தால் அரை விநாடிக்கு ஒரு முறை கோணத்தைக் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட மதிப்புகளை மென்பொருளே நிரப்புமாறு விடலாம். ஆனால் நகரும் ஹாட்ஸ்பாட்டைச் சுட்டுவது பலருக்குச் சிரமம் தரும். சுட்டும் நேரத்தில் பொருள் நிற்குமாறு காட்சியை அமைப்பதே மேல்.

தேர்வு செய்யும் வழிகள் இரண்டு. கைக்கருவியிலிருந்து செல்லும் கதிரால் சுட்டலாம்; அல்லது பார்வையின் மையத்தை ஓரிடத்தில் நிறுத்தி, ஒன்று முதல் இரண்டு விநாடி காத்திருந்தால் தேர்வாகும்படி செய்யலாம். பார்வையால் தேர்வு செய்யும்போது, நேரம் நிரம்புவதைக் காட்டும் வளையம் கட்டாயம் வேண்டும். இல்லையேல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் விரும்பாமலே வேறிடத்துக்குத் தூக்கிச் செல்லப்படுவார். ஹாட்ஸ்பாட்டின் அளவு 5 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

தூரத்தையும் கவனிக்க வேண்டும். இரு கண்களுக்கும் ஒரே படத்தைக் காட்டும் ஒற்றைக்கண் பனோரமாவின் பின்னணி, இரு கண்களுக்கும் எல்லையற்ற தொலைவில் இருப்பதாகவே படுகிறது. அதன்மீது ஒரு குறியை அரை மீட்டர் தூரத்தில் மிதக்கவிட்டால், கண்கள் ஒருமுறை குறிக்காகவும் மறுமுறை பின்னணிக்காகவும் மாறி மாறிக் குவிய வேண்டியிருக்கும். சில நிமிடங்களில் கண் வலிக்கும். படிக்க வேண்டிய பலகைகளை 2 மீட்டர் தொலைவிலும், காட்சிப் பொருளோடு ஒட்டியிருக்க வேண்டிய குறிகளை அதைவிடத் தொலைவிலும் வைப்பது பாதுகாப்பானது.

ஒவ்வொரு செயலுக்கும் புதிய வீடியோவுக்கு மாற வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்தத் துறையில் அதிகம் பயன்படுத்தப்படாமல் கிடக்கும் வாய்ப்பு இதுதான் என்று நினைக்கிறேன். முக்காலியில் அசையாமல் நின்ற கேமராவில் எடுத்த எல்லாப் பதிவுகளும் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தும். எனவே முழுக் கோளத்துக்கும் ஒரு நிலையான படத்தை அடித்தளமாக வைத்து, அசைவு உள்ள பகுதியை மட்டும் சிறு வீடியோத் துண்டாக அதன்மேல் பொருத்தலாம். ஓர் ஆய்வகத்தைக் காட்டும் காட்சியில் ஐந்து கருவிகள் இருந்தால், ஒவ்வொரு கருவியும் இயங்கும் துண்டைத் தனித்தனியே எடுத்து வைத்துக்கொண்டு, பார்வையாளர் எந்த வரிசையில் எதை இயக்கினாலும் அதை மட்டும் ஓடவிடலாம். முழு வீடியோக்களாக எடுத்திருந்தால், ஐந்து கருவிகளின் இயங்கும், இயங்கா நிலைகளுக்கு 32 சேர்க்கைகள் தேவைப்பட்டிருக்கும்; துண்டுகளாக எடுத்தால் ஐந்தே போதும்.

இதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. எக்ஸ்போஷர் (ஒளியளவு), வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிட வேண்டும். வெயில் நகரும் இடமாக இருந்தால் எல்லாத் துண்டுகளையும் குறுகிய நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். துண்டின் ஓரங்கள் மெல்லக் கரைந்து அடித்தளத்தோடு கலக்க வேண்டும். ஒருவரின் நிழல் மற்றொருவரின் பகுதிக்குள் விழாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேமராவின் உள்ளே இயங்கும் அசைவுத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள்; அது ஒவ்வொரு பதிவையும் சற்றே வேறுவிதமாகத் திருப்பிவிடும்.

பார்வையாளர் முடிவெடுக்கும்வரை காட்சி என்ன செய்ய வேண்டும்?

உறைந்து நிற்கக் கூடாது. கிளைகள் அசைந்துகொண்டிருந்த காட்சி திடீரென நின்றால், தாம் ஒரு படத்துக்குள் இருப்பது பார்வையாளருக்கு உடனே உறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு தேர்வுப் புள்ளிக்கும் 30 முதல் 60 விநாடி வரையிலான, மீண்டும் மீண்டும் ஓடும் அமைதியான லூப் ஒன்றை எடுங்கள். அதில் பளிச்சென்று நினைவில் நிற்கும் நிகழ்வு எதுவும் வேண்டாம். ஒரே பறவை ஒரே பாதையில் மூன்றாம் முறை பறக்கும்போது எல்லோரும் கவனித்துவிடுவார்கள். ஒலியின் லூப்பை வீடியோவின் லூப்பைவிட நீளமாகவும் அதோடு பொருந்தாத கால அளவிலும் வைத்தால், திரும்ப வருவது தெரியாது.

காட்சிகளுக்கு இடையே மாறுவதை எவ்வாறு சீராக்குவது?

இரண்டு அம்சங்கள் முக்கியம். முதலாவது திசை. பார்வையாளர் ஒரு கதவை நோக்கியபடி அடுத்த அறைக்குச் சென்றால், அங்கேயும் கதவுக்கு எதிர்ப்புறம் நோக்கியே, அதாவது உள்ளே நுழைந்தவரைப் போலவே, நிற்க வேண்டும். எல்லாக் காட்சிகளுக்கும் ஒரே திசையை வடக்காக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் விலகலையும் அட்டவணையில் குறித்துவைத்தால் இது எளிது. படப்பிடிப்பிலேயே கேமராவின் முன்பக்கத்தை எப்போதும் ஒரே திசையில் வைப்பது இன்னும் எளிது.

இரண்டாவது தாமதம். வீடியோவின் நடுவிலிருந்து ஓடவிடும்போது, மென்பொருள் அதற்கு முந்தைய முழு ஃபிரேமை (பிற ஃபிரேம்களைச் சாராமல் தானே முழுப் படமாகச் சேமிக்கப்பட்டதை) தேடி, அங்கிருந்து கணக்கிட்டு வருகிறது. ஆகவே கிளை பிரியும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழு ஃபிரேம் இருக்குமாறு சுருக்கத்தை அமையுங்கள். அல்லது கிளைகளைத் தனிக் கோப்புகளாக வெட்டுங்கள். அடுத்து வரக்கூடிய கோப்பின் முதல் சில விநாடிகளை முன்கூட்டியே ஏற்றி வைத்து, கால் விநாடிக் கருமறைவின்போது மாற்றினால், தாமதம் புலப்படாது.

பார்வையாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் முக்கிய நிகழ்வு தவறிவிடாதா?

தவறிவிடும். ஆகவே நிகழ்வைக் கடிகாரத்தோடு இணைக்காமல் பார்வையோடு இணையுங்கள். தலை எந்தத் திசையில் உள்ளது என்பதை மென்பொருள் எப்போதும் அறியும். நிகழ்வு நடக்கும் இடம் பார்வை மையத்திலிருந்து 40 டிகிரிக்குள் வந்த பிறகே அது தொடங்கட்டும். அதுவரை அந்தத் திசையிலிருந்து ஒரு காலடி ஓசையோ அழைப்போ கேட்கட்டும். திரையில் அம்புக்குறி காட்டுவதைவிட ஒலி இயல்பாகத் தலையைத் திருப்பும்.

முப்பரிமாணப் பொருள்களை வீடியோவுக்குள் நம்பும்படி வைக்க முடியுமா?

முடியும், மறைப்பும் ஒளியும் சரியாக இருந்தால். வீடியோவில் ஒரு தூண் இருக்கிறது, நீங்கள் வைத்த பொருள் அதன் பின்னால் செல்ல வேண்டும் என்றால், தூணின் வடிவிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு முப்பரிமாண உருவத்தை அதே இடத்தில் நிறுத்த வேண்டும். அது ஆழத்தை மட்டும் எழுதி நிறத்தை எழுதாது; எனவே பின்னால் செல்லும் பொருள் மறைந்து வீடியோவின் தூண் தெரியும். தரைக்கும் இப்படியொரு தளம் வேண்டும். அது நிழலை மட்டும் ஏற்கும். இவற்றைச் சரியான இடத்தில் நிறுத்த, படப்பிடிப்பின்போதே கேமராவிலிருந்து முக்கியப் பொருள்களின் தூரத்தை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஒளிக்கு, பனோரமாவே விளக்காகப் பயன்படும். உயர் ஒளிவீச்சுப் படத்தைக் கொண்டு செயற்கைப் பொருள்களுக்கு உண்மையான இடத்தின் ஒளியைத் தரும் முறையை பால் டெபெவெக் 1998இல் விவரித்தார். சாதாரண வீடியோவில் சூரியனும் விளக்கும் வெறும் வெள்ளையாகத் தட்டையாகிவிடுவதால் அது மட்டும் போதாது. எனவே ஒவ்வொரு கேமரா இடத்திலும் வெவ்வேறு எக்ஸ்போஷர்களில் சில நிழற்படங்களை எடுத்து, அவற்றை இணைத்து ஒளிமூலமாக வையுங்கள். கூடுதலாகச் செலவாவது சில நிமிடங்கள்; பலனோ பொருள் காட்சியில் ஒட்டாமல் மிதப்பதற்கும் அங்கேயே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு.

இரு கண்களுக்கும் தனித்தனியாக எடுக்கும் ஸ்டீரியோ வீடியோ அவசியமா?

பெரும்பாலான ஊடாடும் பணிகளுக்கு அவசியமில்லை. ஸ்டீரியோவில் ஆழம் உணரப்படும் என்பது உண்மை. ஆனால் ஒரே கோப்பில் இரண்டு கண்களுக்கான படங்கள் செல்வதால் பிக்சல்கள் பாதியாகின்றன. தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஆழம் குலைகிறது. நேர் மேலேயும் கீழேயும் ஆழம் கிடைப்பதே இல்லை. முன்புறம் 180 டிகிரி மட்டும் போதும் என்ற நிலையில், குறிப்பாக ஒருவர் எதிரே அமர்ந்து பேசும் காட்சிக்கு, ஸ்டீரியோ மிகச் சிறப்பாக வேலை செய்கிறது.

ஒலிக்கு என்ன செய்வது?

சாதாரண இருதடப் பதிவு தலையோடு சேர்ந்து திரும்பிவிடும். வலப்புற அருவி எப்போதும் வலக் காதிலேயே விழும். 1970களில் மைக்கேல் கெர்சனும் பிறரும் உருவாக்கிய ஆம்பிசோனிக்ஸ் முறை இதைத் தீர்க்கிறது. அதன் முதல் படிநிலையில் நான்கு தடங்கள் உள்ளன: ஒன்று எல்லாத் திசை ஒலியையும், மற்ற மூன்றும் முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் வேறுபாடுகளையும் ஏற்கின்றன. தலை திரும்பும்போது மென்பொருள் இந்தப் புலத்தை எதிர்த்திசையில் திருப்புகிறது. சூழல் ஓசைக்கு இதையும், பேச்சுக்கும் ஹாட்ஸ்பாட் ஒலிகளுக்கும் தனித்தனி ஒற்றைத்தடப் பதிவுகளை உரிய கோணத்தில் வைப்பதையும் பரிந்துரைக்கிறேன்.

தலைசுற்றல் ஏற்படாமல் தடுப்பது எப்படி?

கேமராவை நகர்த்தாதீர்கள். உடல் அசையாதபோது கண்கள் அசைவைக் காண்பதே குமட்டலுக்குப் பெரிய காரணம். நகர்த்தியே ஆக வேண்டுமானால், நேர்க்கோட்டில், மாறாத வேகத்தில், திரும்பாமல் நகர்த்துங்கள். வேகம் கூடுவதும் குறைவதும் வளைவதும்தான் அதிகத் தொல்லை தருகின்றன. அடிவானம் சாயக் கூடாது. பார்வையாளருக்காக மென்பொருளே காட்சியைச் சுழற்றுவதையும் தவிர்க்க வேண்டும்.

பலரும் வீடியோவின் ஃபிரேம் எண்ணிக்கையே போதும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இரண்டு வேகங்கள் உள்ளன. வீடியோ விநாடிக்கு 30 ஃபிரேமாக ஓடலாம். ஆனால் தலை அசைவுக்கு ஏற்பக் காட்சி திரும்புவது ஹெட்செட்டின் 72 அல்லது 90 ஹெர்ட்ஸ் வேகத்தில் தடையின்றி நடக்க வேண்டும், தலை அசைந்ததிலிருந்து திரை மாறும்வரை 20 மில்லி விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. கனமான நிரல் இரண்டாவது வேகத்தைக் கெடுத்தால், எவ்வளவு நல்ல வீடியோவும் தலைசுற்ற வைக்கும்.

எந்த மென்பொருளில் உருவாக்குவது?

இணையத்தில் வெளியிட ஏ-ஃபிரேம் நல்ல தொடக்கம். மோசில்லா 2015இல் வெளியிட்ட இந்தக் கட்டமைப்பில் வீடியோக் கோளத்துக்கென்றே தனிக் குறிச்சொல் உள்ளது. அது திரீ.ஜேஎஸ் என்ற முப்பரிமாண நிரல் நூலகத்தின் மீதும், ஹெட்செட்டோடு இணைக்கும் உலாவிகளின் வெப்எக்ஸ்ஆர் வசதியின் மீதும் இயங்குகிறது. பயனர் ஒருமுறை தொடும்வரை ஒலியுள்ள வீடியோவை உலாவிகள் தாமாக ஓடவிடாது என்பதால், ‘தொடங்கு’ பொத்தான் ஒன்று தேவை. சிக்கலான தர்க்கம், முப்பரிமாணப் பொருள்கள், 5760க்கு மேற்பட்ட வீடியோ ஆகியவை இருந்தால் யூனிட்டி அல்லது அன்ரியல் என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருள்களுக்குச் செல்லுங்கள். யூனிட்டியில் வீடியோவை ஓர் இடைநிலைப் படப்பரப்பில் ஓடவிட்டு, அதைப் பனோரமா வான்பரப்பாக அமைப்பதே வழக்கமான வழி.

கோப்புகள் மிகப் பெரிதாகின்றன, என்ன செய்யலாம்?

விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் ஒரு நிமிட வீடியோ 375 மெகாபைட் ஆகும். முன்பு சொன்ன நிலையான அடித்தள முறை இங்கும் பெரிய சேமிப்பைத் தருகிறது. சுருக்க முறையைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லைகளை அறிந்திருங்கள்: பரவலான எச்.264 முறையின் 5.1 நிலை 4096×2304 வரையே செல்லும். அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு நடைமுறையில் எச்.இ.வி.சி. அல்லது ஏவி1 சுருக்க முறை வேண்டும். இணைய ஒளிபரப்பில், கோளத்தைக் கட்டங்களாகப் பிரித்து, பார்வை படும் கட்டங்களை மட்டும் உயர்தரத்தில் அனுப்பும் முறையும் உண்டு. வீடியோத் தரநிலைகளை வகுக்கும் எம்பெக் குழுவின் ஓமாஃப் தரநிலை இதற்கு வழிவகை செய்துள்ளது.

பின்னாளில் நடமாடக்கூடிய சூழலாக மாற்ற முடியுமா?

அசையாத இடங்களை மாற்றலாம், முன்கூட்டியே அதற்கென எடுத்திருந்தால். பனோரமா கேமராவைக் கையில் ஏந்தி, இடம் முழுவதும் வெவ்வேறு உயரங்களில் மெதுவாக நடந்து எடுத்த வீடியோவிலிருந்து ஃபிரேம்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் சாதாரணக் கோணப் படங்களாக வெட்டி, கேமரா நின்ற இடங்களைக் கணக்கிட்டு, பல படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சியை உருவாக்கும் காசியன் ஸ்பிளாட்டிங் முறையில் இடத்தை மீளுருவாக்கலாம். 2020இல் வந்த, இதே நோக்கமுள்ள நெர்ஃப் முறையைத் தொடர்ந்து 2023இல் வெளியான இந்த முறை, ஹெட்செட்டில் உடனுக்குடன் காட்டும் அளவுக்கு வேகமானது. அங்கு நடமாடும் மனிதர்கள் இதில் மங்கிச் சிதைவார்கள். ஆகவே இடத்தை இம்முறையிலும், மனிதர்களை அசையாத கேமராவிலும் எடுத்துச் சேர்ப்பது நல்ல வழி. படப்பிடிப்பு நாளிலேயே இப்படியொரு நடைப்பதிவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றியிருப்பவர்களின் ஒப்புதல் தேவையா?

தேவை. ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் தாம் படத்தில் இல்லை என்று அறிவார். பனோரமா கேமராவைச் சுற்றி இருப்பவர்களுக்கு அந்த அறிவு இருப்பதில்லை. அறிவிப்பு வையுங்கள், ஒப்புதல் பெறுங்கள், பெறாத முகங்களை மங்கலாக்குங்கள். முகத்தைத் தொடரும் மென்பொருள் செவ்வகத்தின் இடவல ஓரத்தைக் கடக்கும் முகத்தைத் தவறவிடுவது வழக்கம். அந்த ஓரத்தைக் கையால் ஒருமுறை சரிபாருங்கள்.

எப்போது, எவ்வாறு சோதிப்பது?

படப்பிடிப்புக்கு முன்பே. நீங்கள் வைக்கவிருக்கும் இடத்தில் ஒரு நிழற்படப் பனோரமாவை எடுத்து, ஹாட்ஸ்பாட்களுக்குப் பதிலாக வெறும் வட்டங்களை வைத்து, ஹெட்செட்டில் அணிந்து பாருங்கள். உயரம், தூரம், திரும்ப வேண்டிய கோணம் ஆகியவை கணினித் திரையில் புலப்படுவதே இல்லை. இந்தத் திட்டத்தை அறியாத ஒருவருக்கு அணிவித்து, எதுவும் சொல்லித்தராமல், அவர் முதலில் எங்கே பார்க்கிறார், எதைத் தொட முயல்கிறார் என்று கவனியுங்கள். அவர் தொட முயன்று பதில் கிடைக்காத பொருள்களைப் பட்டியலிட்டால், படப்பிடிப்பு நாளில் கூடுதலாக எடுக்க வேண்டிய துண்டுகள் எவை என்பது கிடைத்துவிடும்.